மலைநாட்டு வீடுகளில் பழைய டேப் ரெக்கோர்டரைப் பழுதுபார்க்கும் முறை

மலையகத்து வீடுகளில் அலமாரிக்கு மேலும் கட்டிலுக்கு அடியிலும் ஓய்ந்து கிடக்கும் டேப் ரெக்கோர்டர்களில் பெரும்பாலானவற்றின் மின்சுற்று இன்னும் நல்ல நிலையிலேயே இருக்கும். கெட்டிருப்பவை இரப்பரும், இறுகிப்போன கிரீசும், நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் பகுதியான ஹெட்டில் ஏறிய அழுக்கும், களிம்பு பிடித்த சுவிட்சுமே. இந்த நான்கையும் சரிசெய்வதற்கு மின்னியல் படித்திருக்க வேண்டியதில்லை. எதை முதலில் தொடுவது, எதைக் கடைசிவரை தொடாமல் விடுவது என்ற ஒழுங்கு தெரிந்திருந்தால் போதும்.

இவ்வேலையை மிகுந்த கவனத்துடன் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது கருவிக்காக அன்று; அதில் ஓட வேண்டிய கசெட்டுகளுக்காக. மாசி மாதத்தில் தோட்டத்தில் ஆடப்பட்ட காமன் கூத்தின் பாடல்கள், ஒரு பாட்டியின் தாலாட்டு, இழவு வீட்டு ஒப்பாரி, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் தமிழகத்துக்குச் சென்றுவிட்ட உறவினர் பேசி அனுப்பிய செய்தி என, வேறெங்கும் பிரதி இல்லாத ஒலிப்பதிவுகள் எந்த வீட்டுப் பெட்டியிலும் இருக்கக்கூடும். ஆகவே, கருவி முழுமையாகச் சீராகிவிட்டது என்பது உறுதியாகும் வரை, இழந்தாலும் வருத்தப்படத் தேவையில்லாத ஒரு கசெட்டை மட்டுமே அதனுள் போட வேண்டும். இனிச் சொல்லப்படுபவை அனைத்துக்கும் இதுவே முதல் விதி.

ஈரமும் புகையும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற இடங்களில், மே மாதம் முதல் செப்டெம்பர் வரை நீளும் தென்மேல் பருவமழைக் காலத்தில், சுவரும் துணியும்கூட உலர்வதில்லை. அந்த ஈரம் கருவிக்குள்ளும் புகுந்து சுவிட்சுகளின் உலோகத்தைக் களிம்பாக்குகிறது. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பிலும் நாடாவிலும் பூஞ்சணத்தை வளர்க்கிறது. விறகடுப்பு எரியும் லயத்து வீடுகளில் இதனோடு புகையும் சேர்ந்துகொள்வதால், ஹெட்டின் மீதும் நாடாவை நகர்த்தும் ரோலரின் மீதும் பிசுபிசுப்பான ஒரு படலம் படிகிறது.

நெடுங்காலம் கிடந்த கருவியை எடுத்தவுடன் மின்சாரத்தில் செருகக் கூடாது. வெளித்தூசியைத் துடைத்து, பெட்டரிக் கதவையும் கசெட் கதவையும் திறந்து வைத்து, வீட்டின் மிக உலர்ந்த மூலையில் சில நாட்கள் விட வேண்டும். அடுப்புக்கு அருகில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும், நேர்வெயிலும் நல்லதன்று. புதிய சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதிகளைச் சேர்த்து, ஒரு மூடிய பெட்டியில் வைப்பது இதைவிடச் சிறந்த வழியாகும். குளிர்ந்த அறையிலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவந்த கருவியின் உள்ளே நீர்த்துளிகள் படியும் என்பதால், ஓரிரு மணித்தியாலம் கழித்தே அதை இயக்க வேண்டும்.

திறப்பதற்கு முன்

பிளக்கைக் கழற்றிவிட்டே பின்மூடியைத் திறக்க வேண்டும். பல கருவிகளில் சுவிட்சை அணைத்த பின்னரும் டிரான்ஸ்போமரின் முதற்சுற்றில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். அதைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. மூடி திறந்திருக்கும்போது செய்ய வேண்டிய பரிசோதனைகள் அனைத்தையும் பெட்டரியிலேயே செய்வது பாதுகாப்பானது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சில கருவிகளின் பின்புறத்தில் 110, 220 வோல்ட் என மாற்றக்கூடிய ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். பின்னர் மின்சாரத்தில் செருகும்போது அது 220 அல்லது 240 என்ற பக்கத்தில் இருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பெட்டரி அறையில் பெட்டரி கசிந்து உலோகத் தகடுகள் அரிக்கப்பட்டிருந்தால், அதை முதலில் துப்புரவாக்க வேண்டும். அல்கலைன் வகைப் பெட்டரியின் கசிவு காரத்தன்மை உடையது என்பதால், பஞ்சுக் குச்சியில் சிறிதளவு வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ தொட்டுத் துடைக்கலாம். சாதாரண டோர்ச் பெட்டரியின் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்கு அப்பச்சோடா கரைத்த நீர் பொருத்தமானது. எதைக் கொண்டு துடைத்தாலும், பிறகு ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்து நன்கு உலரவிட வேண்டும்.

பின்மூடியின் திருகாணிகள் சில வேளைகளில் பெட்டரி அறைக்குள்ளும் கைப்பிடியின் அடியிலும் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பின்னரும் மூடி வரவில்லையானால் பலம் கொடுத்து இழுக்காமல், மீதமிருக்கும் ஆணியைத் தேட வேண்டும். ஆணிகள் வெவ்வேறு நீளமுள்ளவை. நீளமான ஆணியைத் தவறான துளையில் முடுக்கினால் அது உள்ளிருக்கும் சுற்றுப்பலகையைத் துளைத்துவிடக்கூடும். எனவே ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஆணிகளை அவை வந்த ஒழுங்கில் ஓர் அட்டையில் குத்தி வைப்பது நல்லது. ஒலிபெருக்கிக்குச் செல்லும் வயர்கள் குறுகியவையாக இருப்பதால், மூடியை வேகமாகப் பிரிக்கக் கூடாது.

பெல்ட்

பொத்தானை அழுத்தும்போது மோட்டார் சுழலும் ஓசை மட்டும் கேட்டு, கசெட்டின் சக்கரம் அசையாமல் இருந்தால், மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் இரப்பர் வளையமான பெல்ட் அறுந்திருக்கும் அல்லது நெகிழ்ந்திருக்கும். பழைய பெல்ட்டுகளில் சில, ஆண்டுகள் செல்லச் செல்ல உருகித் தாரைப் போன்ற கறுப்புக் குழம்பாகிவிடுகின்றன. இந்தக் குழம்பு கையிலோ துணியிலோ ஒட்டினால் இலேசில் போகாது. கையுறை அணிந்து, ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்த பின், எஞ்சியதை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சினால் துடைக்க வேண்டும். மோட்டாரின் சிறிய கப்பியிலும் பிளைவீல் எனப்படும் கனத்த சக்கரத்தின் விளிம்பிலும் ஒரு பொட்டுக்கூட எஞ்சியிருக்கக் கூடாது. அந்தச் சிறு மேடு ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை மாற்றி, பாட்டின் சுருதியை நடுங்கச் செய்யும்.

பாமசியில் கிடைக்கும் ஸ்பிரிட் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. தோலில் பூசுவதற்கான சில வகைகளில் எண்ணெய் கலந்திருக்கும். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு, அது ஆவியான பின் பாருங்கள். தடம் ஏதும் இல்லாவிட்டால் பயன்படுத்தலாம், படலம் தெரிந்தால் ஹெட்டுக்கும் ரோலருக்கும் ஆகாது. ஐசோபுரொப்பைல் அற்ககோல் கிடைத்தால் அதுவே மிகச் சிறந்தது.

புதிய பெல்ட்டின் அளவை அறிய, பழைய பெல்ட் ஓடிய வழியிலேயே ஒரு நூலைச் சுற்றி, அந்த நீளத்தை அளந்து, அதைவிட நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைவான சுற்றளவுள்ள பெல்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளைவீலைச் சுழற்றும் பெல்ட் பல கருவிகளில் தட்டையாகவும், நாடா ஓடிய அளவைக் காட்டும் எண்காட்டியைச் சுழற்றுவது சிறிய சதுரமாகவும் இருக்கும். ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போட்டால் கப்பியில் நில்லாது. கண்டி, ஹட்டன், பதுளை நகரங்களில் வானொலி பழுதுபார்க்கும் பழைய கடைகள் எஞ்சியிருந்தால் முதலில் அங்கு விசாரிக்கலாம். கிடைக்காவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குச் செல்பவர்களிடம் அளவை எழுதிக் கொடுத்துவிடலாம். காசுக்கட்டுகளில் போடும் சாதாரண இரப்பர் வளையம் தற்காலிகமாகச் சக்கரத்தைச் சுழற்றினாலும், அதன் தடிப்பு சீரற்றது. சில வாரங்களில் தளர்ந்தும் விடும். மோட்டார் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு மேல் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நாடாவை விழுங்கும் கருவி

ஒரு கருவி நாடாவைச் சுருட்டி விழுங்குகிறது என்றால், காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். கெப்ஸ்டன் எனப்படும் மெல்லிய உருக்குத் தண்டும், அதனோடு அழுந்தும் இரப்பர் பிஞ்ச் ரோலரும் சேர்ந்து நாடாவை வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் முன்னே தள்ளுகின்றன. தள்ளப்பட்ட நாடாவை வலப்பக்கச் சக்கரம் உடனுக்குடன் சுற்றி எடுக்க வேண்டும். அந்தச் சக்கரம் சோர்ந்துபோனால், வெளிவந்த நாடா போக இடமின்றி ரோலரைச் சுற்றிக்கொள்கிறது. இதைக் கண்டறிய, கசெட் இல்லாமல் பிளே பொத்தானை அழுத்தி, வலப்பக்கச் சக்கரத்தை விரலால் மெதுவாகத் தடுத்துப் பாருங்கள். விரலுக்கு ஒரு தெளிவான இழுவை தெரிய வேண்டும். தொட்டவுடனேயே நின்றுவிட்டால் அதைச் சுழற்றும் பெல்ட்டோ, சிறிய இரப்பர் விளிம்புள்ள ஐட்லர் சக்கரமோ வழுக்குகிறது.

பிஞ்ச் ரோலரின் மேற்பரப்பு நாளடைவில் கண்ணாடி போல் மினுமினுத்துப் பிடிப்பை இழந்துவிடுகிறது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியை அதன் மீது வைத்து, ரோலரைச் சுழற்றிச் சுழற்றித் துடைக்க வேண்டும். பஞ்சில் கபில நிறம் வருவது நிற்கும்வரை குச்சிகளை மாற்றிக்கொண்டே இருக்கலாம். அதன் பின்னரும் மினுமினுப்பு எஞ்சினால், மிக நுண்ணிய மணல் தாளால் சுற்றிலும் ஒரே சீராக, மிக இலேசாகத் தேய்த்து, தூளை முற்றாகத் துடைத்துவிட வேண்டும். இரப்பர் வெடித்தோ, ஒரு பக்கம் குழிந்தோ இருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பழுதான வேறொரு கருவியிலிருந்து எடுக்கும்போது விட்டம், உயரம், நடுத்துளை ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும்.

எண்ணெய் இடுவதில் மலைநாட்டவர் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையத் தொடங்கிவிடும். கொழும்பில் திரவமாக இருக்கும் அதே எண்ணெய், ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில் இருக்கும் நுவரெலியாவில் தண்டுகளைப் பிடித்து நிறுத்திவிடும். தாங்கிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெயே ஏற்றது; அதுவும் ஓர் ஊசிமுனையில் தொட்டெடுத்த ஒரு சொட்டு போதும். பழைய கிரீசை ஸ்பிரிட்டால் முழுவதும் எடுத்த பின்னரே புதியதை இட வேண்டும். பெல்ட், ரோலர், ஐட்லர் ஆகிய இரப்பர்களில் எண்ணெய் பட்டுவிட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.

ஹெட்டும் அதன் சாய்வும்

ஒலி மங்கலாக, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால், எதையும் திருகுவதற்கு முன் ஹெட்டைத் துப்புரவாக்க வேண்டும். நாடாவிலிருந்து உதிரும் இரும்பு ஒட்சைட்டுத் தூள் ஹெட்டின் நடுவிலுள்ள மிக நுண்ணிய பிளவை மூடிவிடுவதே மங்கலுக்கு முதற்காரணம். பதிவு ஹெட், அழிக்கும் ஹெட், கெப்ஸ்டன் தண்டு, நாடாவை வழிநடத்தும் சிறு கவைகள் ஆகிய அனைத்தையும் ஸ்பிரிட் பஞ்சினால் துடைத்து, உலர்ந்த பஞ்சினால் மீண்டும் துடைக்க வேண்டும். கத்தி, ஊசி, மணல் தாள் எதுவும் ஹெட்டில் படலாகாது. காந்த முனையுள்ள திருப்புளியை ஹெட்டுக்கு அருகில் கொண்டுசெல்வதையும் தவிர்க்க வேண்டும்; ஹெட் காந்தமேறினால் இரைச்சல் கூடுவதோடு, அதைக் கடந்து செல்லும் ஒவ்வொரு நாடாவிலும் உயர் சுருதிகள் சிறிது சிறிதாக அழியும்.

துடைத்த பின்னரும் மங்கல் நீங்காவிட்டால், ஹெட்டின் சாய்வு மாறியிருக்கக்கூடும். ஹெட்டை இரண்டு திருகாணிகள் தாங்குகின்றன. அவற்றுள் அடியில் சுருள்வில் உள்ள ஒன்று மட்டுமே சாய்வைச் சரிசெய்வதற்கானது. பிளே நிலையில் அதன் தலை, கசெட் கதவின் மேலுள்ள ஒரு சிறு துளைக்கு நேரே வரும். நிறுவனம் பதிவுசெய்து விற்ற நல்ல கசெட் ஒன்றை ஓடவிட்டு, ஜால்ராவின் ஒலியோ, பேச்சில் வரும் ‘ஸ’ ஒலியோ மிகத் தெளிவாகக் கேட்கும்வரை அந்த ஆணியை இரு பக்கமும் மிகச் சிறிதளவு திருப்பிப் பார்க்க வேண்டும். தொடங்குவதற்கு முன் ஆணியின் தலையில் ஒரு பேனாக் கோடு இட்டுக்கொண்டால், தேவையானபோது பழைய நிலைக்குத் திரும்பலாம். கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டிய நிலை வந்தால், கோளாறு பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது. சரியான இடம் கிடைத்ததும், ஆணியின் ஓரத்தில் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் அது அசையாது நிற்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வீட்டிலே பதிவான கூத்துப் பாட்டும் பேச்சும், அந்நாளில் பதிந்த கருவியின் சாய்விலேயே அமைந்திருக்கும். அந்தக் கருவியின் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால், இன்று சரியாக அமைக்கப்பட்ட கருவியில் அந்தப் பதிவு மங்கலாகவே ஒலிக்கும். எனவே அரிய பதிவொன்றைப் பிரதியெடுக்கும்போது, அந்தக் கசெட்டுக்கு ஏற்பச் சாய்வை அமைத்து, வேலை முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மங்கிப்போனது என்று ஒதுக்கப்பட்ட கசெட்டுகளில் இந்த ஒரு திருப்பத்தினாலேயே சொற்கள் தெளிந்து வருவது உண்டு.

வேகம்

பாடகரின் குரல் கீச்சிட்டாலோ கனத்து இழுபட்டாலோ வேகத்தைச் சோதிக்க வேண்டும். வேகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 வேறுபட்டால் சுருதி அரைத்தானம், அதாவது ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அளவு, நகர்ந்துவிடும். இதற்கான அளவுக் கசெட்டுகள் விலையில் கிடைப்பது அரிது. ஆனால் வீட்டிலேயே ஒன்றைச் செய்துகொள்ளலாம். திருகாணியால் பூட்டப்பட்ட ஒரு பழைய கசெட்டைத் திறந்து, சரியாக 476 செ.மீ. நாடாவை மட்டும் அளந்து வெட்டி, இரு முனைகளிலும் ஒலி பதியாத முகப்பு நாடாவை ஒட்டி மூடிவிட வேண்டும். அதில் தொடக்கம் முதல் முடிவு வரை வானொலி இரைச்சலைப் பதிந்து, பின்னர் ஓடவிட்டு, இரைச்சல் தொடங்கி நிற்கும் வரையிலான நேரத்தைக் கைபேசியின் கடிகாரத்தில் அளக்க வேண்டும். சரியான வேகத்தில் அது 100 வினாடி. 97 வினாடியில் முடிந்தால் கருவி நூற்றுக்கு 3 அளவில் விரைந்து ஓடுகிறது. நீளத்தை மட்டுமே நம்புவதால், எந்தக் கருவியில் பதிந்தது என்பது இந்த அளவைப் பாதிப்பதில்லை.

பல மோட்டார்களின் பின்புறத்தில் ஒரு சிறிய துளை இருக்கும். அதனுள்ளே வேகத்தை மாற்றும் நுண்திருகு உண்டு. பெல்ட்டும் ரோலரும் சீரான பின்னரே அதைத் தொட வேண்டும். மெல்லிய திருப்புளியால் ஒரு மயிரிழை அளவு திருப்புவது, மீண்டும் அளப்பது, 99க்கும் 101க்கும் இடையில் வந்ததும் நிறுத்திக்கொள்வது என்பதே முறை.

சுவிட்சும் ஈயப்பற்றும்

ஒலியைக் கூட்டும்போது கரகரப்புக் கேட்டால் வொலியூம் கட்டுப்பாட்டின் சிறு இடைவெளியில் மின்தொடர்புத் துப்புரவுத் திரவத்தைச் சிறிதளவு தெளித்து, பலமுறை முன்னும் பின்னும் திருப்ப வேண்டும். ஒரு பக்க ஒலி மறைந்து மறைந்து வருவது, பிளே செய்யும்போது ஊளையிடுவது, ஒலியே எழாமல் போவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் காரணமாவது சுற்றுப்பலகையில் நீளமாக அமைந்திருக்கும் பதிவு சுவிட்ச். பல தொடர்புகளை ஒரே நேரத்தில் மாற்றும் இந்தச் சுவிட்ச், ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் நின்று களிம்பேறிவிடுகிறது. மின்சாரமும் கசெட்டும் இல்லாத நிலையில் அதனுள் திரவத்தைத் தெளித்து, அதன் நகரும் பகுதியை முப்பது தடவையாவது இழுத்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் மின்சுற்றில் குறை தேடப் புறப்படுவது வீண் அலைச்சலாகும்.

ஹெட்போன் துளையும் மின்சாரம் செருகும் துளையும் இழுபட்டு இழுபட்டு, அவற்றின் ஈயப்பற்றில் வளையம்போல் ஒரு வெடிப்பு விழுவது வழமை. சோல்டரிங் அயனால் பழைய ஈயத்தை உருக்கிச் சிறிது புதிய ஈயம் சேர்த்தால் போதும். பெட்டரியில் ஒலி தெளிவாகவும், மின்சாரத்தில் மட்டும் தொடர்ந்து உறுமலாகவும் கேட்டால், மின்வழங்கியிலுள்ள பெரிய கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கிறது. அதே மைக்ரோபரட் அளவும், அதே அல்லது அதிக வோல்ட் அளவும் உள்ள ஒன்றை, கோடிட்ட பக்கம் எதிர்முனைக்கு வருமாறு பொருத்த வேண்டும். ஈயம் வைத்துப் பழக்கமில்லாதவர் இந்த இடத்தில் நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி. டிரான்ஸ்போமர் சூடேறி வாடை வந்தால் யாராயினும் உடனே பிளக்கைக் கழற்ற வேண்டும்.

கசெட்டுகளை ஓடவிடுதல்

கருவி ஒரு பழைய கசெட்டின் இரு பக்கங்களையும் தடங்கலின்றி ஓட்டி முடித்த பின்னரே மதிப்புள்ள கசெட்டை எடுக்க வேண்டும். முதலில் அதன் பின்விளிம்பிலுள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். அதன் பின்னர் பதிவுப் பொத்தானைத் தவறுதலாக அழுத்தினாலும் அழியாது. நாடாச் சுற்றின் மீது வெண்தூள் தெரிந்தால் அது பூஞ்சணம். அத்தகைய கசெட்டை அப்படியே ஓடவிட்டால் ஹெட் கெடுவதோடு, அடுத்து ஓடும் கசெட்டுகளுக்கும் பூஞ்சணம் பரவும். பல நாட்கள் உலரவைத்து, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே மூடியைத் திறந்து, மென்மையான உலர்ந்த தூரிகையால் தூளை அகற்றி, நாடாவைப் புதிய கூட்டுக்கு மாற்ற வேண்டும். ஹெட்டோடு நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத்திண்டு உதிர்ந்திருந்தால், வேறொரு கசெட்டிலிருந்து எடுத்துப் பொருத்தலாம்.

அறுந்த நாடாவின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சாய்வாக ஒரே வெட்டில் வெட்டி, முனைகள் தொடுமாறு நேராக வைத்து, ஹெட்டைத் தொடாத உட்பக்கத்தில் நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள பட்டையை ஒட்ட வேண்டும். சாதாரண செலோ டேப்பின் பசை நாளடைவில் கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். 90 நிமிடக் கசெட்டின் நாடா 60 நிமிடத்தினதைவிட மெல்லியது, 120 நிமிடத்தினது அதனினும் மெல்லியது. அவற்றை வேகமாக முன்னோக்கியோ பின்னோக்கியோ ஓட்டாமல், ஒரு பென்சிலால் கையாலேயே சுற்றுவது பாதுகாப்பானது.

முதல் ஓட்டத்திலேயே பிரதியெடுத்துவிட வேண்டும். ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு வயரை இணைத்து, ஒலியளவை நடுத்தரத்துக்குக் கீழே வைத்து, 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகப் பதிந்தால், ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 600 மெகாபைட் இடம் தேவைப்படும். பேசியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்க வேண்டும்.

பழுதுபார்த்த கருவியை மாதம் ஒருமுறையேனும் சில நிமிடங்கள் ஓடவிட்டால் பெல்ட் ஒரே வளைவில் இறுகிப் போகாது. நிறுத்தும்போது பிளக்கைப் பிடுங்கியோ சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தோ நிறுத்தாமல், ஸ்டொப் பொத்தானை அழுத்தியே நிறுத்த வேண்டும். இல்லையேல் பிஞ்ச் ரோலர் கெப்ஸ்டனோடு அழுந்திய நிலையிலேயே நின்று இரப்பரில் பள்ளம் விழும். பிறகு அந்த ரோலரை மாற்றியே ஆக வேண்டும்.